போர்ட் திறந்திருந்தும் இணைப்பு வராவிட்டால்: லினக்ஸ் ஃபயர்வால் சிக்கல்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலைக்குப் பின்புறத் தெரு ஒன்றில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர், ஒரு சனிக்கிழமை மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கடையின் கணக்கு மென்பொருளை உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரு பழைய கணினியில் ஏற்றியிருந்தார்கள். அந்தக் கணினியில் உலாவியைத் திறந்தால் மென்பொருள் 8080ஆம் போர்ட்டில் ஒழுங்காக வருகிறது. கல்லாவில் இருக்கும் மற்ற மூன்று கணினிகளிலிருந்து வரவில்லை. "தம்பி, ஃபயர்வாலையே மொத்தமா நிறுத்திப் பார்த்துட்டேன், அப்பவும் வரல" என்றார். நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். இரண்டு வாரம் என்றார்.

கோளாறு ஃபயர்வாலில், அதாவது வரும் இணைப்புகளை அனுமதிக்கும், தடுக்கும் காவல் ஏற்பாட்டில், இல்லை. மென்பொருள் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டுமே காத்திருந்தது. எனவே, வெளியிலிருந்து யார் தட்டினாலும் அதன் காதில் விழ வழியில்லை. இரண்டு வாரமாகக் கணினியின் காவலை எடுத்து வைத்ததுதான் மிச்சம். இத்தகைய அழைப்புகள் எனக்கு வரும்போது, பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஃபயர்வால் குற்றவாளியாக இருப்பதில்லை என்பது என் அனுபவம். ஆகவே விதிகளை மாற்றத் தொடங்கும் முன், பாக்கெட் (நெட்வொர்க்கில் செல்லும் தரவுத் துண்டு) எந்த இடம் வரை வந்து எந்த இடத்தில் நிற்கிறது என்று உள்ளிருந்து வெளியே படிப்படியாகத் தேடும் முறையை இங்கே எழுதுகிறேன்.

கட்டளைகளைப் பற்றி ஒரு குறிப்பு. தொலைபேசியில் ஒருவருக்குப் படித்துக் காட்டுவதைப் போல, அவற்றை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டச்சிடும்போது அனைத்தையும் ஆங்கில எழுத்துகளில் இடவேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் ஓரிரு இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். கோடு, சாய்கோடு, எண், இடைவெளி ஆகியவை இங்கே உள்ளபடியே இருக்க வேண்டும்.

முதலில், யாராவது காத்திருக்கிறார்களா?

அடுக்குமாடி வீட்டு முகவரியில் புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் இருப்பதைப் போல, ஐபி முகவரி கணினியைக் காட்டுகிறது, போர்ட் எண் அதற்குள் இயங்கும் சேவையைக் காட்டுகிறது. தரவு அனுப்பும் இரு முறைகளான டிசிபிக்கும் யுடிபிக்கும் தனித்தனியாக 65535 வரை போர்ட் எண்கள் உண்டு. வீட்டில் ஆளில்லாவிட்டால், கீழ்த்தளத்தில் காவலரை எடுத்துவிட்டாலும் கதவு திறக்கப் போவதில்லை. அதனால் முதல் கட்டளை ஃபயர்வாலைத் தொடுவதே இல்லை:

சூடோ எஸ்எஸ் -டியுஎல்பிஎன்

பழைய கையேடுகளில் இவ்விடத்தில் நெட்ஸ்டாட் இருக்கும். இன்றைய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் அது முன்கூட்டியே நிறுவப்பட்டிருப்பதில்லை. நிர்வாகி உரிமை தரும் சூடோ இல்லாமலும் எஸ்எஸ் இயங்கும், ஆனால் மற்றப் பயனர்களின் பெயரில் ஓடும் நிரல்கள் எவை என்பதைக் காட்டாது. கிடைக்கும் பட்டியலில் உங்கள் போர்ட் எண்ணைத் தேடுங்கள். அது இல்லையென்றால் சேவையே ஓடவில்லை, அல்லது வேறு போர்ட்டில் ஓடுகிறது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளையுடன் சேவையின் பெயரைச் சேர்த்து, அது ஏன் எழவில்லை என்று பாருங்கள்.

போர்ட் பட்டியலில் இருந்தால், அதற்கு முன்னால் நிற்கும் முகவரிதான் முக்கியம். 127.0.0.1:8080 என்றிருந்தால் அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே அணுக முடியும். 0.0.0.0:8080 என்றிருந்தால் எல்லா ஐபிவி4 (நான்கு எண் கொண்ட பழைய வகை) முகவரிகளிலும் காத்திருக்கிறது. நட்சத்திரக் குறியுடன் *:8080 என்றிருந்தால் ஐபிவி4, ஐபிவி6 (நீளமான புதிய வகை) இரண்டிலும் காத்திருக்கிறது. [::]:8080 என்று வந்தால், அது ஐபிவி6க்கு மட்டும் என்று பொருள். ஐபிவி4 இணைப்புக்கு அருகில் தனியாக ஒரு 0.0.0.0 வரி இருக்க வேண்டும்.

தேக்கா அண்ணனின் கணினியில் 127.0.0.1 என்றுதான் இருந்தது. மென்பொருளின் அமைப்புக் கோப்பில் அதை 0.0.0.0 என்று மாற்றி, சேவையை மீண்டும் தொடங்கியதும், மற்றக் கணினிகளில் பக்கம் விரிந்தது. அங்கே 192.168.1.20 என்று அக்கணினியின் முகவரியையே எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எழுதலாம். ஆனால் கணினி எழும்போது ரவுட்டரிடமிருந்து முகவரி வந்து சேர்வதற்குள் சேவை தொடங்கிவிட்டால், இல்லாத முகவரியில் அமர முடியாமல் அது விழுந்துவிடும். காலையில் கடை திறக்கும்போது மீண்டும் எனக்குத்தான் அழைப்பு வரும். எல்லா முகவரியிலும் காத்திருக்கச் செய்து, யார் வரலாம் என்பதை ஃபயர்வாலிடம் ஒப்படைப்பதே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

உபுண்டுவில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையின் போர்ட்டை மாற்றியவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 22.10 வெளியீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச் சேவை, சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சாக்கெட் வழியாகத் தொடங்கப்படுகிறது. அமைப்புக் கோப்பில் போர்ட்டை 2222 என்று மாற்றி, பழக்கப்படி எஸ்எஸ்ஹெச் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால், அது இன்னமும் 22இலேயே காத்திருக்கும். 24.04இல் 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அதன்பின் 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்ஹெச்.சாக்கெட்' ஆகிய இரண்டையும் கொடுத்த பிறகே புதிய எண் நடைமுறைக்கு வரும். ஃபயர்வாலில் 2222ஐத் திறந்துவிட்டு 22ஐ மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தோல்வி எப்படி வருகிறது என்று கேளுங்கள்

அடுத்து, வேறொரு கணினியிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும். அதே கணினியிலிருந்து அதன் சொந்த முகவரியான 192.168.1.20ஐத் தட்டி, "வருகிறது, ஆகவே ஃபயர்வால் திறந்திருக்கிறது" என்று முடிவு செய்வது பலர் செய்யும் தவறு. தன் முகவரிக்குத் தானே அனுப்பும் பாக்கெட், நெட்வொர்க் அட்டை வரை செல்லாமல் லூப்பேக் என்ற உள்வழியாகவே திரும்பிவிடும். லூப்பேக்கை ஏறத்தாழ எல்லா ஃபயர்வால்களும் கேள்வியின்றி அனுமதிக்கின்றன. அந்தச் சோதனை சேவை உயிரோடு இருப்பதை மட்டும் காட்டும். ஃபயர்வாலைப் பற்றி எதையும் காட்டாது.

மற்றொரு லினக்ஸ் அல்லது மேக் கணினியிலிருந்து:

என்சி -விஇசட் 192.168.1.20 8080

விண்டோஸ் கணினியென்றால் பவர்ஷெல்லில்:

டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.1.20 -போர்ட் 8080

இணைப்பு கிடைக்காவிட்டால், எப்படிக் கிடைக்கவில்லை என்பதை நின்று கவனிக்க வேண்டும். இந்த வேலையில் கிடைக்கும் மிகப் பயனுள்ள தடயம் இதுதான், ஆனால் தொலைபேசியில் கேட்டால் "வரல" என்ற ஒரே சொல்தான் பதிலாக வரும்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனடியாக வந்தால், பாக்கெட் அந்தக் கணினியை அடைந்துவிட்டது. அங்கிருந்து மறுப்பும் வந்துவிட்டது. பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்று பொருள். ஃபயர்வாலில் ரிஜெக்ட் விதி இருந்தாலும் இதே செய்தி வரலாம், ஆனால் நான் முதலில் எஸ்எஸ் கட்டளைக்கே திரும்பிச் செல்வேன்.

ஓரிரு நிமிடம் அசையாமல் நின்று, பிறகு 'டைம்டு அவுட்' என்று வந்தால், பாக்கெட்டை யாரோ ஓசையின்றி விழுங்கிவிட்டார்கள். டிராப் விதியின் நடத்தை இது. உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூ மறுக்கும் பாக்கெட்டுகளை இயல்பாகவே இப்படித்தான் கையாளுகிறது. மேகச் சேவைகளின் பாதுகாப்புக் குழு (செக்யூரிட்டி குரூப்) விதிகளும் இப்படியே.

மூன்றாவது செய்தி பலரைத் தவறான பக்கம் இழுத்துச் செல்கிறது: 'நோ ரூட் டு ஹோஸ்ட்'. இதைப் பார்த்ததும் கேபிளையும் ரவுட்டரையும் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் ஃபெடோரா, ரெட் ஹாட் வகைக் கணினிகளில் உள்ள ஃபயர்வால் கருவியான ஃபயர்வால்டி, அனுமதி இல்லாத போர்ட்டுக்கு நிர்வாகத் தடை என்ற ஐசிஎம்பி செய்தியைத் திருப்பி அனுப்புகிறது. அதை வாங்கும் கணினி அதையே வழியில்லை என்று மொழிபெயர்த்துக் காட்டுகிறது. இரண்டையும் பிரித்தறிய ஒரு சின்ன வழி உண்டு. தட்டிய மறுகணமே செய்தி வந்தால் அது ஃபயர்வால். மூன்று நொடி போலத் தாமதித்து வந்தால், அந்த முகவரியில் கணினியே இல்லை, அல்லது அணைந்திருக்கிறது.

எந்தக் காவலர் பணியில் இருக்கிறார்?

லினக்ஸில் ஃபயர்வால் என்று நாம் அழைப்பவை பல பெயர்களில் இருந்தாலும், உண்மையில் பாக்கெட்டைத் தடுப்பது லினக்ஸின் மைய நிரலான கெர்னலுக்குள் இருக்கும் நெட்ஃபில்டர். ஐபிடேபிள்ஸ், 2014 ஜனவரியில் கெர்னல் 3.13இல் சேர்ந்த என்எஃப்டேபிள்ஸ், இவற்றின் மேல் அமர்ந்த யுஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டி ஆகிய அனைத்தும் அதற்கு உத்தரவு எழுதும் எழுத்தர்கள் மட்டுமே. ஒரே கணினியில் இரண்டு எழுத்தர்கள் எழுதினால் இருவரின் உத்தரவும் கெர்னலில் இருக்கும், ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் காட்டமாட்டார். இணையத்தில் பார்த்த இருவேறு வழிகாட்டிகளைப் பின்பற்றி யுஎஃப்டபிள்யூவையும் ஃபயர்வால்டியையும் ஒருசேர நிறுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை 'சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ்' கொடுத்து நிறுத்துங்கள். எதை வைத்துக்கொள்வது என்று தயங்கினால், உங்கள் லினக்ஸ் வெளியீடு எதனுடன் வந்ததோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வகை ஐபிடேபிள்ஸ் (லெகசி) விதிகள் நீங்கலாக, எவர் எழுதியிருந்தாலும் மொத்தத்தையும் காண:

சூடோ என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்

வெளிவருவது நீளமாகவும் கரடுமுரடாகவும் இருக்கும். முழுவதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்புட் என்ற சங்கிலியின் (கணினிக்குள் வரும் பாக்கெட்டுகளுக்கான விதித் தொடர்) இயல்புக் கொள்கை டிராப்பா அக்செப்ட்டா என்பதையும், உங்கள் போர்ட் எண் எங்கேனும் தென்படுகிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

யுஎஃப்டபிள்யூ உள்ள கணினியில்

உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ நிறுவப்பட்டே வருகிறது, ஆனால் இயங்காத நிலையில் வருகிறது. ஆகவே நிலையைக் கேட்பதே முதல் வேலை:

சூடோ யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்டு

'இனாக்டிவ்' என்று வந்தால் யுஎஃப்டபிள்யூ எதையும் தடுக்கவில்லை. நீங்கள் எத்தனை விதிகளைச் சேர்த்திருந்தாலும் அவை அலமாரியில் தூங்குகின்றன. காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். இயங்கினால், எண்ணிடப்பட்ட விதிகள் மேலிருந்து கீழாக வரும். முதலில் பொருந்தும் விதியே தீர்ப்பு. அதற்குக் கீழே உள்ளவை படிக்கப்படுவதே இல்லை. 2ஆம் விதி 8080ஐ எல்லோருக்கும் மறுத்துவிட்டு, 7ஆம் விதி உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் அனுமதித்தால், அந்த 7ஆம் விதி வெறும் அலங்காரம். 'சூடோ யுஎஃப்டபிள்யூ டெலீட் 7' என்று அதை நீக்கிவிட்டு, 'இன்செர்ட் 1' என்பதைக் கொண்டு மேலே ஏற்றுங்கள். ஒன்றை நீக்கியதும் கீழே உள்ள எண்கள் எல்லாம் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் பட்டியலைப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

தேக்கா கடையில் கடைசியாக நான் சேர்த்த விதி இது:

சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 192.168.1.0/24 டு எனி போர்ட் 8080 புரோட்டோ டிசிபி

சுருக்கமாக 'யுஎஃப்டபிள்யூ அலவ் 8080' என்றும் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தச் சுருக்கம் டிசிபி, யுடிபி இரண்டிலும், ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும், உலகில் யாருக்கு வேண்டுமானாலும் கதவைத் திறக்கும். ஐபிவி4இல் ரவுட்டரின் முகவரி மாற்றம் ஒரு திரைபோல நிற்கிறது. ஐபிவி6இலோ உங்கள் கணினிக்கே பொது முகவரி கிடைத்துவிடலாம். ரவுட்டரும் கண்மூடியிருந்தால், கடையின் கணக்குப் புத்தகம் நேரே தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும்.

மேற்கண்ட விதி ஐபிவி4 முகவரிகளுக்கு மட்டும் பொருந்தும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முகவரியை எண்ணாகக் கொடுத்தால் வேகமாக வரும் சேவை, கணினியின் பெயரைக் கொடுத்தால் மட்டும் தயங்கினால், அந்தப் பெயர் முதலில் ஐபிவி6 முகவரிக்கு இட்டுச்செல்கிறதா என்று பாருங்கள். உலாவி சற்று நேரத்தில் தானாக ஐபிவி4க்கு மாறிக்கொள்ளும். மற்ற நிரல்கள் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டுவதில்லை.

இங்குள்ள வீடுகளில் அடிக்கடி காணும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இணையச் சேவை நிறுவனம் தந்த ரவுட்டர் ஒன்று ஃபைபர் பெட்டிக்கு அருகில் இருக்கும். வீடு முழுவதும் வைஃபை எட்டவில்லையென்று சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய இன்னொரு ரவுட்டர் வரவேற்பறையில் இருக்கும். இரண்டும் முகவரி வழங்கினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்குகள் உருவாகிவிடும்: ஒன்று 192.168.1 என்று தொடங்கும், மற்றொன்று 192.168.50 என்று தொடங்கும். ஒரு நெட்வொர்க்கில் உள்ள கணினியால் பக்கத்து அறைக் கணினியை எட்ட முடியாமல் போகலாம். 'ஐபி ஏ' என்ற கட்டளையால் இரு கணினிகளின் முகவரிகளையும் ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். புதிய ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுவதே இதற்கு நல்ல தீர்வு.

ஃபயர்வால்டி உள்ள கணினியில்

இங்கே தவறுகள் இரண்டே இடத்தில் நிகழ்கின்றன. ஒன்று, நிரந்தர அமைப்பும் நடப்பு அமைப்பும் தனித்தனி. '--பெர்மனென்ட்' என்று சேர்த்து எழுதிய விதி கோப்பில் மட்டும் பதிவாகும். 'ஃபயர்வால்-சிஎம்டி --ரீலோட்' கொடுக்கும்வரை எதுவும் மாறாது. அதைச் சேர்க்காமல் எழுதிய விதி உடனே வேலை செய்யும், அடுத்த மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். "நேற்று வரை ஓடியது" என்று யாராவது சொன்னால், நேற்றிரவு கணினி மறுதொடக்கம் ஆனதா என்று கேட்பேன். நடப்பு விதிகளைச் சோதித்துத் திருப்தியடைந்த பிறகு '--ரன்டைம்-டு-பெர்மனென்ட்' கொடுத்து மொத்தமாக நிரந்தரமாக்குவது பாதுகாப்பான வழி.

இரண்டாவது, சோன், அதாவது ஒரே விதிகள் பொருந்தும் நெட்வொர்க் பகுதி. போர்ட்டை பப்ளிக் சோனில் திறந்திருப்பீர்கள். நெட்வொர்க் அட்டையோ வேறு சோனில் இருக்கும். முதலில் இதைக் கேளுங்கள்:

சூடோ ஃபயர்வால்-சிஎம்டி --கெட்-ஆக்டிவ்-சோன்ஸ்

பிறகு, அதில் வரும் சோனின் பெயரைக் கொடுத்து '--லிஸ்ட்-ஆல்' பாருங்கள். முகவரியை வைத்து ஒரு சோன் ஒதுக்கப்பட்டிருந்தால், அது நெட்வொர்க் அட்டையின் சோனை முந்திக்கொள்ளும். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனில் இதற்கு நேர்மாறான வியப்பு காத்திருக்கிறது: அதன் இயல்பு சோன் 1025 முதல் 65535 வரையுள்ள போர்ட்டுகளைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆகவே 8080 எப்படித் தானாகவே வந்தது என்று திகைக்க வேண்டியதில்லை.

அத்தகைய கணினிகளில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கும் உண்டு. வழக்கமில்லாத போர்ட்டில் சேவையைத் தொடங்கும்போது அனுமதி மறுப்பு வந்தால், ஃபயர்வாலை விட்டுவிட்டு 'செமேனேஜ் போர்ட் -எல்' கட்டளையில் அந்தப் போர்ட் உங்கள் சேவைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பாக்கெட்டை நேரில் பார்த்தல்

விதிகளைப் படித்தும் தெளிவு கிடைக்காதபோது, ஊகத்தை நிறுத்திவிட்டுப் பாக்கெட்டையே பார்த்துவிடுவது நல்லது. சேவை இருக்கும் கணினியில் இதை ஓடவிடுங்கள்:

சூடோ டிசிபிடம்ப் -என்ஐ எனி போர்ட் 8080

பிறகு மற்றக் கணினியிலிருந்து தட்டச் சொல்லுங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் நெட்ஃபில்டருக்கு முன்பே பார்த்துவிடுகிறது என்பதில்தான் இதன் வலிமை இருக்கிறது. ஃபயர்வால் பின்னர் அதைத் தடுத்தாலும், வந்த தடம் திரையில் விழுந்திருக்கும்.

திரையில் எதுவுமே வராவிட்டால், பாக்கெட் உங்கள் கணினியை எட்டவேயில்லை. அந்தக் கணினியின் ஃபயர்வாலைத் தொடாதீர்கள். வழியில் இருப்பவற்றைப் பாருங்கள். இணைப்புக் கோரும் [எஸ்] என்ற குறியுடன் வரிகள் சில நொடி இடைவெளியில் மீண்டும் மீண்டும் வந்து, பதிலாக எதுவும் போகாவிட்டால், கணினிக்குள் ஃபயர்வால் அதை விழுங்குகிறது. [எஸ்] வந்ததும் மறுப்பாக [ஆர்.] போனால், அங்கே யாரும் காத்திருக்கவில்லை. [எஸ்] வந்து, ஏற்பாக [எஸ்.] போய், அதன்பின்னும் [எஸ்] திரும்ப வந்தால், உங்கள் பதில் அவரைச் சென்றடையவில்லை, கேபிளும் வைஃபையும் ஒருங்கே இணைந்த கணினிகளில், வந்த வழியை விட்டு வேறு வழியாகப் பதில் போவதால் இப்படி நேரலாம்.

தேக்கா கடையில் திங்கட்கிழமை காலை நான்காவதாக ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்து, அதில் மட்டும் மென்பொருள் வரவில்லை என்றார்கள். விதி சரி, சேவை சரி. டிசிபிடம்ப்பை ஓடவிட்டுத் தட்டச் சொன்னேன். திரை வெறுமையாக இருந்தது. மடிக்கணினி, வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருந்த விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தது. ரவுட்டர் விருந்தினர்களை உள் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

தடுத்தது ஃபயர்வால்தான் என்பதை உறுதி செய்ய, யுஎஃப்டபிள்யூவின் பதிவேட்டையும் பார்க்கலாம். 'சூடோ யுஎஃப்டபிள்யூ லாகிங் ஆன்' கொடுத்து, 'சூடோ ஜர்னல்சிடிஎல் -கே -எஃப்' என்று ஓடவிட்டால், தடுக்கப்பட்ட பாக்கெட் இப்படி வரும்:

[யுஎஃப்டபிள்யூ பிளாக்] எஸ்ஆர்சி=192.168.50.34 டிஎஸ்டி=192.168.1.20 புரோட்டோ=டிசிபி டிபிடி=8080

எஸ்ஆர்சி அனுப்பியவர், டிபிடி அவர் தட்டிய போர்ட். இந்த எடுத்துக்காட்டில் அனுப்பியவரின் நெட்வொர்க் வேறு என்பது ஒரே பார்வையில் தெரிகிறது. பதிவேடு நிரம்பி வழியாமலிருக்க யுஎஃப்டபிள்யூ பதிவுகளுக்கு வரம்பு வைத்திருப்பதால், தடுக்கப்பட்ட ஒவ்வொரு பாக்கெட்டும் அங்கே வந்துவிடாது. வரி இல்லை என்பதை மட்டும் கொண்டு தடை இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

டாக்கர் இருந்தால்

நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கர் நிறுவிய கணினியில் இதற்கு நேரெதிரான புகார் வரும்: "போர்ட்டை மூடிவிட்டேன், ஆனாலும் திறந்தே இருக்கிறது." கன்டெய்னரை '-பி 8080:80' என்று தொடங்கினால், டாக்கர் தானே நெட்ஃபில்டரில் முகவரி மாற்ற விதிகளை எழுதிவிடுகிறது. வந்த பாக்கெட் கன்டெய்னரை நோக்கித் திருப்பப்பட்டு, ஃபார்வர்ட் சங்கிலி வழியே போய்விடுகிறது. யுஎஃப்டபிள்யூவில் நாம் வழக்கமாக எழுதும் விதிகளோ இன்புட் சங்கிலியில் வாசல் காத்துக்கொண்டிருக்கின்றன. காவலர் முன்வாசலில் நிற்க, ஆட்கள் பக்கவாட்டு நடைபாதையால் போகிறார்கள்.

கன்டெய்னரை அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டும் அணுகினால் போதுமென்றால், '-பி 127.0.0.1:8080:80' என்று தொடங்குவதே எளிய, நம்பகமான தீர்வு. முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சர்வர் ஒன்று நிற்கும் ஏற்பாடுகளில் எப்போதும் இப்படித்தான் செய்யவேண்டும் என்பேன். வெளியிலிருந்து சிலரை மட்டும் அனுமதிக்க வேண்டுமென்றால், பெரிய எழுத்துகளில் டாக்கர்-யூசர் என்று பெயரிட்ட சங்கிலியில் விதி எழுத வேண்டும். அங்கே எழுதும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பாக்கெட் அந்தச் சங்கிலிக்கு வரும்போது முகவரி மாற்றம் முடிந்துவிட்டது, ஆகவே அது தேடும் போர்ட் எண் 8080 அன்று, கன்டெய்னருக்குள் உள்ள 80.

வீட்டுக்கு வெளியிலிருந்து வரவேண்டுமென்றால்

உள் நெட்வொர்க்கில் வேலை செய்து, வெளியிலிருந்து மட்டும் வராதபோது, லினக்ஸ் கணினியை விட்டு ரவுட்டருக்குப் போகவேண்டும். சோதிப்பதற்குக் கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் முயலுங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடியே பொது முகவரியைத் தட்டினால், சில ரவுட்டர்கள் அதை உள்ளே திருப்பத் தெரியாமல் தவறான முடிவைத் தரும். ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் உள்ள முகவரி, கணினியின் இன்றைய முகவரிதானா என்பதைப் பாருங்கள். முகவரி மாறாதபடி ரவுட்டரிலேயே அதை ஒதுக்கி வையுங்கள்.

ரவுட்டரின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுப்பில் இருந்தால், சேவை நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. நீங்கள் என்ன திறந்தாலும் வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வராது. பொது முகவரி கேட்டு வாங்கலாம், அல்லது வயர்கார்டு போன்ற விபிஎன்னை (மறைகுறியிட்ட தனிவழி இணைப்பு) வெளியே உள்ள ஒரு வாடகைச் சர்வர் வழியாக அமைக்கலாம். பொது முகவரி இருந்தாலும் கணக்கு மென்பொருளை நேரடியாக இணையத்துக்குத் திறப்பதை நான் ஏற்கமாட்டேன், அங்கும் விபிஎன்தான்.

மேகச் சர்வரில் இரண்டு பூட்டுகள் உண்டு: நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் உள்ள பாதுகாப்புக் குழு ஒன்று, சர்வருக்குள் உள்ள ஃபயர்வால் மற்றொன்று. டிசிபிடம்ப் வெறுமையாக இருந்தால் முதல் பூட்டு. சில சேவைகளின் லினக்ஸ் படிமங்களில் ஐபிடேபிள்ஸ் விதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டு, கடைசி வரியில் அனைத்தையும் மறுக்கும் ரிஜெக்ட் இருக்கும். பெரிய எழுத்து '-ஏ' கொடுத்து நீங்கள் சேர்க்கும் விதி அந்த வரிக்குக் கீழே போய்ச் சேர்ந்து பயனற்றுப் போகும். பெரிய எழுத்து '-ஐ' கொடுத்து மேலே செருக வேண்டும்.

வெளியிலிருந்து சோதிக்க திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் போன்ற கருவிகளைப் பயன்படுத்தும்போது, உங்கள் சொந்தக் கணினி, அல்லது அனுமதி பெற்ற கணினி என்ற எல்லைக்குள் நில்லுங்கள். சிங்கப்பூரில் 1993ஆம் ஆண்டின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் அனுமதியற்ற அணுகலைக் குற்றமாக்குகிறது; அந்நியரின் முகவரியில் கதவு தேடிப் பழக வேண்டாம்.

உங்களை நீங்களே பூட்டிக்கொள்ளாமல்

தொலைவில் உள்ள சர்வரில் யுஎஃப்டபிள்யூவை இயக்கும் முன் எஸ்எஸ்ஹெச் போர்ட்டை அனுமதித்துவிட்டோமா என்பதை இரண்டு முறை பார்க்கவேண்டும். நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், 22க்குப் பதிலாக 222 என்று எழுதியிருந்ததைக் கவனிக்காமல். அன்றிரவு தாய் செங்கில் இருக்கும் தரவு மையத்துக்கு டாக்சி பிடித்துப் போய், சர்வரின் முன்னால் நின்று ஓர் எண்ணைத் திருத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு, மாற்றத்துக்கு முன் இந்த வரியைக் கொடுக்காமல் எதையும் தொடுவதில்லை:

சூடோ சிஸ்டம்டி-ரன் --யூனிட்=மீட்பு --ஆன்-ஆக்டிவ்=10எம் /யுஎஸ்ஆர்/எஸ்பின்/யுஎஃப்டபிள்யூ டிசேபிள்

பத்து நிமிடத்தில் ஃபயர்வால் தானாக அணைந்துவிடும். பூட்டிக்கொண்டாலும் கோப்பி ஒன்று குடித்துவிட்டு மீண்டும் உள்ளே நுழையலாம். எல்லாம் சரியாக இருந்தால், 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மீட்பு.டைமர்' கொடுத்து அதை ரத்து செய்யவேண்டும். மீட்பு என்பது நானிட்ட பெயர். ஆங்கில எழுத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

சரியாக இருக்கிறது என்பதைத் திறந்திருக்கும் பழைய இணைப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏற்கனவே நிலைபெற்ற இணைப்புகளை நெட்ஃபில்டர் நினைவில் வைத்துத் தொடர்ந்து அனுமதிப்பதால், புதியவர்களுக்கு வாசல் மூடிய பிறகும் உங்கள் பழைய சாளரம் உயிரோடு இருக்கும். அதை மூடாமல், இரண்டாவது சாளரத்தில் புதிதாக நுழைந்து பாருங்கள்.

கடைசியாக, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து அதே சோதனையை வேறொரு கணினியிலிருந்து திரும்ப நடத்துங்கள். ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிய விதிகள், டெபியன், உபுண்டு கணினிகளில் நெட்ஃபில்டர்-பெர்சிஸ்டன்ட் கொண்டு சேமிக்காவிட்டால், இந்த இடத்தில் காணாமல் போகும். சோதனைக்காகத் திறந்த விதிகளை நீக்குங்கள். மிஞ்சியிருப்பவற்றுக்கு யுஎஃப்டபிள்யூவின் 'காமென்ட்' என்ற சொல்லைச் சேர்த்து, எதற்காக, எப்போது திறந்தது என்று எழுதி வையுங்கள். தேக்கா கடையின் பட்டியலில் இப்போது இரண்டே விதிகள் இருக்கின்றன. இரண்டிலும் காரணம் எழுதியிருக்கிறது. கணினியின் பக்கவாட்டில், அண்ணன் தம் கையெழுத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்: "ஃபயர்வாலை நிறுத்தாதே. முதலில் எஸ்எஸ்."